திருத்திய எண் பொய்யான எண்ணா? - கொரோனா கணக்கை ஒரு சாமானியர் படிப்பது எப்படி

2020 ஜூலை 22-ஆம் தேதி தமிழக சுகாதாரத் துறை வெளியிட்ட கொரோனா அறிக்கையில் அன்றைய இறப்பு 74 என்று இருந்தது. அந்த மாதத்தில் அது பழகிப்போன எண்தான். ஆனால் அதோடு நிற்காமல் இன்னொரு 444 பேரும் பட்டியலில் சேர்ந்தார்கள். அவர்கள் அன்று இறந்தவர்கள் அல்ல. மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் இறந்து, கணக்கில் விடுபட்டுப் போனவர்கள். மாநிலத்தின் மொத்த இறப்பு ஒரே நாளில் 518 கூடி 3,144 ஆனது.

இப்படி ஒரு செய்தி வந்தால் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "ஐயோ, ஒரே நாள்ல ஐந்நூறு பேர் போயிட்டாங்களாம்!" என்பது ஒன்று. "பாத்தீங்களா, இத்தனை நாளா மறைச்சிருக்காங்க. இனிமே இவங்க சொல்ற எதையும் நம்பக் கூடாது" என்பது இன்னொன்று. முதலாவது, எண்ணைத் தப்பாகப் படித்ததால் வரும் பயம். இரண்டாவதில் நியாயமான கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேரும் இடம்தான் தவறு. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த மரணங்கள் மாநிலப் பட்டியலில் இல்லை என்பது ஜூன் மாதமே செய்தியானது. பிறகு குழு அமைத்து, இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். அப்படி வந்ததுதான் இந்த 444. ஒப்பிடாமலே விட்டிருந்தால் பழைய எண் அப்படியே நின்றிருக்கும். யாரும் கோபப்பட்டிருக்கவும் மாட்டார்கள்!

பெருந்தொற்றுப் புள்ளிவிவரத்தில் ஒரு சாமானியர் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான். எண் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ உட்கார்ந்து எண்ணினால்தான் அது எண். எண்ணியவர் யார், எதை எண்ணினார், யாரை விட்டார் என்று கேட்கத் தெரிந்தால் போதும். அதற்கு மருத்துவப் படிப்போ புள்ளியியல் பட்டமோ தேவையில்லை.

கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்துவிட்டது. இனி எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். பயம் தலைக்கேறி இருக்கும்போது யாராலும் நிதானமாகக் கணக்குப் பார்க்க முடியாது. பயம் வடிந்த பிறகுதான் முடியும். அடுத்த தொற்று வருவதற்குள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடையாது.

எதை எண்ணினார்கள்?

2020 பிப்ரவரி 12. சீனாவின் ஹூபே மாகாணத்தில் ஒரே நாளில் 14,840 புதிய நோயாளிகள் கணக்கில் சேர்ந்தார்கள். உலகமே திடுக்கிட்டது. நோய் ஒரே ராத்திரியில் பல மடங்கு பெருகிவிட்டதா? இல்லை. அதுவரை ஆய்வகப் பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் சேர்த்தார்கள். அன்றுமுதல் நுரையீரல் ஸ்கேனையும் அறிகுறிகளையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்தவர்களையும் சேர்த்தார்கள். 14,840-ல் 13,332 பேர் இந்தப் புதிய வரையறையால் உள்ளே வந்தவர்கள். நோய் அப்படியேதான் இருந்தது, 'நோயாளி' என்ற சொல்லின் பொருள்தான் மாறியது.

இதற்கு நேர் எதிராகவும் நடந்தது. இங்கிலாந்தில் ஒருவருக்கு எப்போதாவது ஒருமுறை பாசிட்டிவ் வந்திருந்தால், அவர் பிறகு எதனால் இறந்தாலும் கொரோனா மரணமாகவே எண்ணப்பட்டு வந்தது. குணமாகி மாதக்கணக்கில் நடமாடியவர் விபத்தில் இறந்தாலும் அதே கணக்கு! 2020 ஆகஸ்டில், பாசிட்டிவ் வந்த 28 நாட்களுக்குள் இறந்தால் மட்டும் சேர்ப்பது என்று மாற்றினார்கள். பிரிட்டனின் மொத்த இறப்பு ஒரே நாளில் 5,377 குறைந்தது. எண்ணில் 5,377 பேர் குறைந்தார்களே தவிர, யாரும் உயிரோடு திரும்பவில்லை.

பெல்ஜியத்தின் கதை இன்னொரு விதம். 2020-ன் முதல் அலையில் மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் உலகிலேயே மிக மோசமான நாடுகளின் வரிசையில் பெல்ஜியம் இருந்தது. ஒரு முக்கியக் காரணம், முதியோர் இல்லங்களில் பரிசோதனையே செய்யாமல் இறந்தவர்களையும், அறிகுறி பார்த்து 'சந்தேக மரணம்' என்று அந்த நாடு கணக்கில் சேர்த்ததுதான். பல நாடுகள் அப்படிச் செய்யவில்லை. நேர்மையாக எண்ணிய நாடு பட்டியலில் மேலே போய்விட்டது.

"கொரோனாவால் இறந்தாரா, கொரோனாவோடு இறந்தாரா?" என்ற வாதமும் அப்போது ஓடியது. பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபு படித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். தமிழ் இலக்கணத்தில் ஆல், ஓடு இரண்டுமே மூன்றாம் வேற்றுமைதான்! இலக்கணத்தில் ஒரே வீடு, இறப்புச் சான்றிதழில் இரண்டு வீடு. சர்க்கரை நோயோடு இருபது வருடம் நன்றாக வாழ்ந்தவர் கொரோனா வந்து பத்து நாளில் இறந்தால் அது எதன் கணக்கு? 2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு விதி வகுத்தது. கொரோனாவுக்குப் பொருந்தும் நோய்நிலையில் ஒருவர் இறந்தால் அது கொரோனா மரணம். விபத்து போல வேறு தெளிவான காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. புற்றுநோய் போன்ற பழைய நோயின் தலையில் அதைக் கட்டக் கூடாது. ஆனால் விதி காகிதத்தில் இருப்பது வேறு, நெரிசலான மருத்துவமனையில் நள்ளிரவில் படிவம் நிரப்பும் மருத்துவர் அதைக் கடைப்பிடிப்பது வேறு.

யாரிடம் தேடினார்கள்?

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். புள்ளியியலில் மாதிரி எடுப்பதன் அடிப்படையே இந்தப் பழமொழியில் இருக்கிறது. ஆனால் அடுப்படியில் நிற்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அடிப்பிடித்த இடத்தில் எடுத்த சோறு பானையின் பதத்தைச் சொல்லாது. கரண்டி விட்டுக் கிளறி, நடுவிலிருந்து எடுக்க வேண்டும்.

தினமும் வெளிவந்த 'இன்று புதிதாகப் பாதிக்கப்பட்டோர்' எண் கிளறாத பானையில் எடுத்த சோறு. காய்ச்சல் வந்து பரிசோதனைக்குப் போனவர்கள், தொற்று உறுதியானவரின் குடும்பத்தினர், விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டவர்கள் ஆகியோரில்தான் தேடினார்கள். அறிகுறியே இல்லாமல் வந்து போனவர்கள் அதில் இல்லை. ஊரில் பரிசோதனை வசதி இல்லாதவர்களும் இல்லை. வேலை போய்விடும் என்று பயந்து பரிசோதனைக்கே போகாதவர்களும் இல்லை.

பானையைக் கிளறிப் பார்த்த வேலையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் செய்தது. 2020 மே, ஜூனில் நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் ரத்த மாதிரி எடுத்து, நோய் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மே மாதத் தொடக்கத்துக்குள்ளேயே சுமார் 64 லட்சம் பெரியவர்களுக்குத் தொற்று வந்து போயிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. அப்போது அரசுக் கணக்கில் இருந்த நோயாளிகள் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை! இதில் பொய் எதுவும் இல்லை. ஒன்று 'கண்டுபிடித்தவர்கள்', மற்றொன்று 'இருந்தவர்கள்'. இரண்டும் வேறு வேறு எண்கள்.

இந்த வித்தியாசம் தெரியாததால் வந்த குழப்பத்துக்கு 2021 ஜூலை ஒரு நல்ல உதாரணம். அந்த மாதக் கடைசியில் நாட்டின் அன்றாடப் புதிய தொற்றுகளில் ஏறத்தாழ பாதி கேரளாவில் மட்டும் பதிவாயின. "கேரளா கோட்டை விட்டுவிட்டது" என்று பலரும் முடிவு கட்டினார்கள். அதே மாதம் வந்த நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வு வேறு கதை சொன்னது. எதிர்ப்புப் பொருள் இருந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தில் 79 சதவீதம், தமிழ்நாட்டில் 69.2 சதவீதம், கேரளாவில் 44.4 சதவீதம். தடுப்பூசியாலும் எதிர்ப்புப் பொருள் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் பொருள் தெளிவு. கேரளாவில் இன்னும் தொற்று வராதவர்கள் அதிகம், வந்தவர்களைக் கண்டுபிடித்து எழுதி வைத்ததும் அதிகம். தேடாத ஊரில் நோயாளி குறைவாகத்தான் இருப்பார்.

தேடல் போதுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வருகிறது என்ற விகிதம். அது 5 சதவீதத்துக்குக் கீழே இரண்டு வாரமாவது இருக்க வேண்டும் என்று 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. வலையை எறிகிற இடத்திலெல்லாம் மீன் சிக்கினால், கடலில் இன்னும் நிறைய மீன் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எத்தனை பேரில்?

ஒரு ஆட்டக்காரர் 40 ரன் எடுத்தார் என்றால் கிரிக்கெட் ரசிகர் உடனே கேட்பது, "எத்தனை பந்தில்?" 15 பந்தில் எடுத்தால் கைதட்டல், 90 பந்தில் எடுத்தால் திட்டு. கிரிக்கெட்டில் இவ்வளவு உஷாராக இருப்பவர்கள் கொரோனா எண்ணில் மட்டும் வகுக்கும் எண்ணை மறந்துவிடுகிறார்கள்.

2020 மார்ச் 3-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத் தலைவர், உலக அளவில் பதிவான நோயாளிகளில் சுமார் 3.4 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். 'பதிவான' என்ற சொல்லைத்தான் பலரும் விழுங்கிவிட்டார்கள். "கொரோனா வந்தால் நூற்றில் மூன்று பேர் காலி" என்று அது பரவியது. லேசாக வந்து போனவர்கள் பதிவாகவே இல்லை என்றால் வகுக்கும் எண் சிறியதாகி, விகிதம் பெரிதாகத் தெரியும். மறுபக்கம், நோய் வந்தவர் இறப்பதற்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அலை ஏறிக்கொண்டிருக்கும்போது இன்றைய இறப்பை இன்றைய நோயாளிகளால் வகுத்தால் விகிதம் சிறியதாகத் தெரியும். ஒரே பின்னத்தில் மேலேயும் ஓட்டை, கீழேயும் ஓட்டை!

தடுப்பூசி விஷயத்தில் இதே தவறு பெரிய வதந்தியாகவே மாறியது. 2021 ஆகஸ்டில் இஸ்ரேலில் தீவிர நிலையில் இருந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இரண்டு ஊசியும் போட்டவர்கள் என்று செய்தி வந்தது. "அப்புறம் எதுக்கு ஊசி?" என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் உள்ள ஊர். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். ஊசி போட்டவர்களில் 18 பேரும், போடாதவர்களில் 10 பேரும் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். இப்போது தலைப்புச் செய்தி என்ன? 'ஆஸ்பத்திரியில் இருக்கும் 28 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்கள், அதாவது 64 சதவீதம்!' பொய் இல்லை. ஆனால் ஊசி போட்டவர்களில் சேர்ந்தது நூற்றுக்கு 2 பேர், போடாதவர்களில் நூற்றுக்கு 10 பேர். ஊசி ஐந்து மடங்கு காப்பாற்றியிருக்கிறது. ஒரே ஊர், ஒரே கணக்கு. எதால் வகுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த நாளில்?

2021 ஜூன் 10-ஆம் தேதி இந்தியாவில் 6,148 கொரோனா மரணங்கள் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முன் எந்த நாளிலும் அவ்வளவு பெரிய எண் வந்ததில்லை. ஆனால் இரண்டாம் அலை அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. நடந்தது என்னவென்றால், பாட்னா உயர் நீதிமன்றம் கேள்வி கேட்டதால் பீகார் அரசு தன் கணக்கைத் தணிக்கை செய்து, விடுபட்ட ஏறத்தாழ 4,000 மரணங்களை முந்தைய நாள் சேர்த்தது. மாதக்கணக்கில் சிதறிக் கிடந்த மரணங்கள் ஒரே நாளின் தலையில் விழுந்தன.

'இன்று' என்று அறிக்கையில் இருப்பது பெரும்பாலும் இன்று நடந்தது அல்ல, இன்று எழுதப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பல நாடுகளில் எண் குறையும், வாரத் தொடக்கத்தில் ஏறும். கிருமிக்கு ஞாயிறு விடுமுறை இல்லை, எழுதுபவர்களுக்கு உண்டு. அதனால்தான் ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் ஏழு நாள் சராசரியைப் பார்க்க வேண்டும். ஒரு மேட்சில் டக் அடித்தவரை அன்றே அணியிலிருந்து தூக்குவதில்லையே, அது போல.

எழுதுபவர்கள் ஒழுங்காக எழுதினாலும் கருவி காலை வாரிவிடும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 பேரின் பாசிட்டிவ் முடிவுகள் அன்றாடக் கணக்கில் வராமல் போயின. ஆய்வகங்கள் அனுப்பிய பட்டியலைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அந்தக் கோப்பு சுமார் 65,000 வரிசைகளுக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாள் தாமதமானது. அத்தனை நாளும் அவர்கள் தெரியாமல் வெளியே நடமாடியிருப்பார்கள். வெறும் கோப்புப் பிழைதானே என்று சொல்லிவிட முடியாது.

எண்ணப்படாதவர்கள்

இவ்வளவு ஓட்டைகள் இருந்தால் உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு பழைய முறை உண்டு. எதனால் இறந்தார்கள் என்ற சண்டையையே விட்டுவிட்டு, மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் பார்ப்பது. வழக்கமான வருடத்தில் இத்தனை பேர், இந்த வருடம் இத்தனை பேர், வித்தியாசம் எவ்வளவு? இதற்குப் பெயர் மிகை மரணங்கள்.

2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையில் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் உலகில் சுமார் 1.49 கோடி மிகை மரணங்கள். நாடுகள் சொன்ன கொரோனா மரணங்கள் சுமார் 54 லட்சம். இந்தியாவுக்கு அதன் மதிப்பீடு சுமார் 47 லட்சம், அரசுக் கணக்கு சுமார் 4.8 லட்சம். இந்திய அரசு இந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. இந்தியா போன்ற நாட்டுக்கு இப்படிக் கணித மாதிரி வைத்துச் சொல்வது சரியல்ல என்றது.

மாதிரி வேண்டாம், பதிவேட்டையே பார்க்கலாம். பிறப்பு இறப்புப் பதிவின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை 2025 மே மாதம்தான் வெளிவந்தது. 2019-ல் பதிவான மொத்த மரணங்கள் சுமார் 76 லட்சம். 2020-ல் சுமார் 81 லட்சம். 2021-ல் 1 கோடியே 2 லட்சம். ஒரே வருடத்தில் சுமார் 21 லட்சம் கூடுதல். அந்த வருடம் அரசு கொரோனாவின் கணக்கில் எழுதியது சுமார் 3.3 லட்சம்.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. 21 லட்சமும் கொரோனா என்று சொல்லிவிட முடியாது. முந்தைய வருடங்களைவிட அதிகம் பேர் பதிவு செய்திருக்கலாம். ஊரடங்கால் 2020-ல் விடுபட்டவை 2021-ல் பதிவாகியிருக்கலாம். வேறு நோய்க்குச் சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்களும் இதில் இருப்பார்கள். அதே நேரம், பதிவே ஆகாத மரணங்கள் இதில் இல்லை. இத்தனையையும் கழித்துக் கூட்டிப் பார்த்தாலும் 3.3 லட்சத்துக்கும் 21 லட்சத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் நிரம்புவதாக இல்லை.

இதெல்லாம் வெறும் எண் விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. சான்றிதழில் கொரோனா என்று எழுதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. தொற்று உறுதியாகி 30 நாட்களுக்குள் வீட்டில் இறந்திருந்தாலும் தகுதி உண்டு. விளைவு? குஜராத்தில் அரசுக் கணக்கில் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டிய மரணங்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன விவரப்படி, அங்கே ஏற்கப்பட்ட இழப்பீட்டு மனுக்கள் 68,000-க்கும் மேல்! வரையறை அகலமானது ஒரு காரணம். ஆனால் அந்த வரையறை அகலமாகும்வரை இத்தனை வீடுகளின் இழப்பும் கணக்கில் இல்லாமல்தான் இருந்தது. சான்றிதழில் விடுபட்ட ஒரு வரி, கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய ஐம்பதாயிரம். பதிவேட்டுக்கும் அடுப்பு எரிவதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

திருத்தியவருக்குத் தண்டனை, திருத்தாதவருக்குப் பாராட்டு

இனிதான் முக்கியமான விஷயம். பெரு நாட்டு அரசு 2021 மே 31-ஆம் தேதி தன் கொரோனா இறப்பு எண்ணை 69,342-லிருந்து 1,80,764-ஆக உயர்த்தியது. அரசே குழு அமைத்து, அரசே அறிவித்தது. அறிவித்த அன்றே, மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் உலகிலேயே அதிக கொரோனா இறப்பு உள்ள நாடு என்ற பெயர் பெருவுக்கு வந்து சேர்ந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு!

அதிகாரிகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். திருத்தினால் தலைப்புச் செய்தி, கேலி, எதிர்க்கட்சி அறிக்கை. திருத்தாமல் விட்டால் நிம்மதி. இப்படி இருந்தால் அடுத்த முறை எந்த அதிகாரி பதிவேடுகளை அருகருகே வைத்துப் பார்க்க முன்வருவார்? எண் மாறியவுடன் "பொய்யர்கள்" என்று கத்தும் பொதுமக்கள், தங்களை அறியாமலேயே பொய்யை ஊக்குவிக்கிறார்கள்.

அதற்காக, திருத்தியவுடன் மன்னித்து மாலை போட வேண்டும் என்பதல்ல. 444 பேர் ஏன் விடுபட்டார்கள் என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். சென்னையிலும் பீகாரிலும் கேள்வி எழுந்த பிறகுதான் பதிவேடுகள் திறந்தன. ஆனால் கேள்வி "ஏன் மாற்றினாய்?" என்று இருக்கக் கூடாது. "எப்படி விடுபட்டது, இனி விடுபடாமல் இருக்க என்ன செய்தாய், மற்ற மாவட்டங்களையும் இதே போலப் பார்த்தாயா?" என்று இருக்க வேண்டும். ஒருமுறைகூடத் திருத்தாத மாநிலத்திடம்தான் இன்னும் கடுமையாகக் கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்க விவரம் பொதுவில் இருக்க வேண்டும். உலகம் முழுக்கப் பார்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வரைபடத்தை 2020 ஜனவரி 22-ல் தொடங்கியவர்கள் பேராசிரியர் லாரன் கார்ட்னரும், அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த என்ஷெங் டாங்கும். ஒரு மாணவர் வேலையைத்தான் உலகத் தலைவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! இந்தியாவில் தன்னார்வலர்கள் சேர்ந்து மாநில அறிக்கைகளையெல்லாம் தினமும் தொகுத்து ஒரே இடத்தில் போட்டார்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் வயது, இணைநோய் என்று விவரமாகத் தமிழ்நாடு வெளியிட்ட அறிக்கை போன்றவை இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. இந்தியத் தன்னார்வலர்கள் 2021 அக்டோபர் 31-ல் வேலையை முடித்துக்கொண்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2023 மார்ச் 10-ல் நிறுத்தியது. அடுத்த முறை யார் செய்வார்கள்? இன்று கல்லூரியில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கும்.

அதுவரை, வாட்ஸ்அப்பில் ஒரு எண் வந்தால் அனுப்பும் முன் ஐந்து கேள்வி:

1. எதை எண்ணியிருக்கிறார்கள்? வரையறை சமீபத்தில் மாறியதா?
2. யாரிடம் தேடினார்கள்? எத்தனை பேரைச் சோதித்தார்கள்?
3. எத்தனை பேரில் இத்தனை பேர்?
4. நடந்த நாளா, எழுதிய நாளா? ஏழு நாள் சராசரி என்ன?
5. எண்ணப்படாமல் போனவர்கள் யாராக இருக்கும்?

ஐந்துக்கும் பதில் கிடைக்காவிட்டால் அந்த எண்ணை அனுப்பாமல் விடுவதால் ஒன்றும் குறைந்துவிடாது. பதில் கிடைத்தால், அது பயமுறுத்தினாலும் சரி, ஆறுதல் சொன்னாலும் சரி, அந்த அளவுக்கு மட்டும் நம்பலாம். நாளை அந்த எண் மாறினால் கோபத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, புதிதாகக் கணக்கில் சேர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். அவர்கள் மாதக்கணக்கில் அந்தப் பட்டியலுக்கு வெளியே காத்திருந்தவர்கள்.